ஐந்தில் மூன்று கட்டம்

அட்-பாஷியில் கால்நடை மருத்துவ நிலையம்.
ஜனவரி. ஜன்னலின் உள்பக்கமும் உறைபனி.
வறட்டி அடுப்பை ஒட்டி மேசை,
மேசைமேல் பதினாறு வயது மடிக்கணினி.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்.பி. மெமரி.

பழைய விண்டோஸை வழித்தெடுத்துவிட்டு
இளைத்த லினக்ஸ் ஒன்றை ஏற்றியிருந்தேன்.
படமில்லாத திரை, நிழல் விழாத சாளரங்கள்.
எழுந்து நிற்க எண்பது எம்.பி.தான் தின்றது.
எனக்கே என்மீது கொஞ்சம் மதிப்பு வந்தது.

அப்புறம் மருத்துவர் ஷார்ஷென்பெக்
பதிவேட்டில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தார்.
அவ்வளவுதான்.
சுட்டி நின்றது. வட்டு கரகரத்தது.
தேநீர் குடித்தோம்.
இன்னொரு கோப்பையும் குடித்தோம்.
பட்டியல் பாதி வந்திருந்தது,
ஒவ்வொரு பெயரையும் அதனதன் உடுப்பிலேயே காட்டுவேன் என்று
அடம்பிடித்துக்கொண்டு.

உள்ளே உலகமே குடியிருந்தது.
செத்த அரசுகளின் கல்லெழுத்து,
சதுரங்கக் காய்கள், சீட்டுக்கட்டு,
குடை, சிரிக்கும் முகம்.
ஒவ்வொன்றாக நீக்கினேன்.
சுழியும் கொக்கியுமாய், சிலவற்றின் தலையில்
புள்ளி வைத்த தெற்கத்தி எழுத்து ஒன்று.
யாருடையதென்று தெரியாது,
ஏதோ வெயில் ஊர்க்காரர்கள்.
மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.
கொஞ்சம் இடம் மிஞ்சியது.

கடைசியில் கிடைத்தது
புள்ளிகளால் ஆன ஒல்லி எழுத்துரு.
ஆறு கட்டம் அகலம், பன்னிரண்டு உயரம்.
ஓரத்தில் சாம்பல் பூசி மழுப்புவதெல்லாம் இல்லை.
கறுப்பு, அல்லது ஒன்றுமில்லை.
இமைப்பதற்குள் பட்டியல் திறந்தது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அசில்கான் தன் குதிரையைப் பதிய வந்தாள்.
நிறம்: க்யூரோங். செம்பழுப்பு.
எங்கள் எழுத்தில் எழுதினால் ஐந்தே எழுத்து.
திரையில் இரண்டு எழுத்தும் மூன்று வெற்றுக் கட்டமும்.
"இதென்ன, மூன்று காலி லாயம்?
குதிரை எங்கே?" என்றாள்.

ரஷ்ய எழுத்து அத்தனையும் இருந்தது அதில்.
நாங்கள் கூடுதலாக வைத்திருக்கும்
மூன்றுதான் இல்லை.
செய்தவனைத் திட்ட வாயெடுத்தேன்.
நேற்று நானும்
பெயர் பார்க்காமல் அழித்தவள்தானே.

"ரஷ்யப் பொத்தானிலேயே தட்டு,
படிக்கிறவன் புரிந்துகொள்வான்" என்றார் மருத்துவர்.
போன மாதம் அப்படித் தட்டித்தான்
அவர் அறுத்த பசுவின் பித்தப்பை நெருப்பாயிற்று.
ஒரு வட்டம்தான்.
நடுவில் கோடு போட்டால் பித்தப்பை,
எடுத்தால் நெருப்பு.
பசுவின் நெருப்பு வீங்கியது எப்படி என்று
மாவட்ட அலுவலகம் விளக்கம் கேட்டது.

கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்தேன்.
பென்சிலால் கட்டங்களை நிரப்பினேன்.

ஆறு வரிசை வட்டத்துக்கு நடு வரிசை கிடையாது.
மூன்றாவதில் போட்டால் நெற்றிப்பட்டை,
நான்காவதில் வயிற்றுவார்.
குதிரைக்கு வயிற்றுவார்தான் முக்கியம்.

இரண்டாவது எளிது:
விரித்த இரு கை, நேரான ஒரு கால்.

மூன்றாவதற்கு வால் வேண்டும், வலது பாதத்தில்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
ஒரே ஒரு கட்டச் சந்து,
வால் நீள அதை விட்டால் வழியில்லை.
ஒரு புள்ளி வைத்தேன்.
தூசி என்று அசில்கான் திரையைத் துடைத்தாள்.
இரண்டு வைத்தேன்.
அண்டை எழுத்தை மிதித்தது.
மிதிக்கட்டும்.

மூன்றும் சேர்ந்து ஒரு கிலோபைட்கூட ஆகவில்லை.
வெளியே கட்டுத்தறியில்
பனியை உதைத்துக்கொண்டிருந்தது அது.
உள்ளே, கொஞ்சம் கோணலாக,
க்யூரோங்.

அசில்கான் குனிந்து
மூக்கு திரையில் படும் வரை பார்த்தாள்.
"ஆண் என்று போட்டிருக்கிறாய்," என்றாள்,
"அது பெட்டை."